நிறுத்திய பிரஷர் மாத்திரையும் கைவிட்டுப்போன நான்கரை மணி நேரமும்

ஸ்ட்ரோக், அதாவது பக்கவாதம் வந்த அப்பாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போகும் இடத்தில் வெளியே ஒரு நீள பெஞ்சு கிடக்கும். உள்ளே பயிற்சி முடியும்வரை கூட வந்தவர்கள் அதில்தான் உட்கார்ந்திருப்போம். சுரண்டையிலிருந்து வரும் அக்காவின் கணவருக்கு வயது நாற்பத்தாறுதான், லாரி ஓட்டியவர். கயத்தாறிலிருந்து வரும் தம்பி அவன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வருவான். ஊர் வேறு, வயது வேறு, ஆனால் பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். "பிரஷர் இருந்துச்சு, மாத்திரை குடுத்தாங்க, நடுவுல விட்டுட்டாரு." எங்கள் வீட்டிலும் அதேதான். அண்ணன் ஷார்ஜாவில், அம்மா தவறிப் பல வருடம் ஆகிறது. அதனால் எல்லாவற்றையும் தனியாகவே ஓடியோடிப் பார்த்தேன். அந்த நாட்களில் யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் வாழ்ந்த ஆள், உடம்புக்கு என்று படுத்ததே கிடையாது. கண்புரை ஆபரேஷனுக்காக ஒரு முகாமுக்குப் போனபோதுதான் பிரஷர் 170/100 என்று தெரிந்தது. அன்று ஆபரேஷன் செய்ய மாட்டோம், முதலில் இதைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மாத்திரை போட்டார், குறைந்தது, கண் ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு ஒருநாள் மருந்துக் கடையில் பார்த்தபோது 130/80 இருந்திருக்கிறது. "அதான் சரியாப்போச்சே, இனி எதுக்கு?" என்று நிறுத்திவிட்டார். பிறகு தலை பாரமாக இருக்கும் நாட்களில் மட்டும் ஒன்று போட்டுக்கொள்வார். ஒரு மாத்திரை மூன்று நான்கு ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதுவும் இல்லை, சும்மாவே கிடைக்கும். பணத்துக்காக அவர் நிறுத்தவில்லை. மாத்திரை போடுவதால்தான் 130 இருக்கிறது என்பதை அவருக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இது அப்பா ஒருத்தரின் கதையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். 2020இல் தமிழ்நாட்டு அரசு எடுத்த ஒரு கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அப்படி இருந்தவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தான். அதைப் படித்தபோது வயிறு கலங்கிவிட்டது. மீதித் தொண்ணூற்று மூன்று பேரில் பலருக்குத் தங்களுக்குப் பிரஷர் இருப்பதே தெரியாமல் இருக்கும், இன்னும் பலர் எங்கள் அப்பா மாதிரி. நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐசிஎம்ஆருடன் சேர்ந்து 2023இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், இந்தியாவில் பெரியவர்களில் 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம், 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்று வந்தது. பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. தலை சுற்றாது. அதனால்தான் தலைவலி வரும் நாளில் மட்டும் மாத்திரை போடும் பழக்கம் இவ்வளவு ஆபத்தானது. வலி இல்லாத நாட்களிலும் மூளைக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்கள் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தாங்கித் தடித்துக் கெட்டுப்போகின்றன. ஒருநாள் அடைத்துக்கொள்கிறது, இல்லையென்றால் வெடித்துவிடுகிறது.

முன்னறிவிப்பு இல்லாமலும் இல்லை. இது எனக்கு ரொம்பப் பிறகுதான் தெரிந்தது, எதிர்வீட்டுச் சித்தி சொன்னார்கள். சில வாரங்களுக்கு முன் டீக்கடையில் அப்பாவின் கையிலிருந்து கிளாஸ் நழுவி விழுந்திருக்கிறது. பேச்சும் குழறியிருக்கிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. பித்தம் என்று சொல்லிச் சுக்குத் தண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் குட்டி ஸ்ட்ரோக் என்கிறார்கள் டாக்டர்கள். தானே சரியாகிப் போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம் அது. பெரிய ஸ்ட்ரோக் வரும் அபாயம், குட்டி ஸ்ட்ரோக்குக்கு அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். கை மரத்துப்போய்ச் சரியானது, ஒரு கண்ணில் திரை விழுந்த மாதிரி இருந்து தெளிந்தது, வாய் கோணி நிமிர்ந்தது, இதில் எது நடந்தாலும் "இப்போ நல்லாத்தானே இருக்கேன்" என்ற பேச்சைக் கேட்காதீர்கள்.

ஆடித்தபசுக்கு நான் ஊருக்கு வந்திருந்த சமயம் அது. காலை ஐந்தரை மணி இருக்கும். அப்பா சட்டை போட முயன்றுகொண்டிருந்தார். வலது கை சட்டைக்குள் போய்விட்டது. இடது கை பக்கவாட்டில் தொங்குகிறது, அதை வலது கையால் தூக்கித் தூக்கிச் சட்டைக்குள் நுழைக்கப் பார்க்கிறார், அது விழுந்துகொண்டே இருக்கிறது. என்னப்பா என்றேன். "ஒண்ணுமில்ல தாயி" என்றார். அந்த 'தாயி' குழைந்து வந்தது. சிரிங்கப்பா என்றேன், வாய் ஒருபக்கம் மட்டும் போனது. மூன்று விஷயம் பார்க்க வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் ஒருமுறை சொல்லியிருந்தார்கள்: முகம் கோணுகிறதா, இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று இறங்குகிறதா, பேச்சு குழறுகிறதா. ஒன்று இருந்தாலே போதும், உடனே கிளம்ப வேண்டும். அப்பாவுக்கு மூன்றும் இருந்தன.

அதற்குள் தெருவே கூடிவிட்டது. யாரோ ஊசியை எடுத்துக்கொண்டு வந்து விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்கணும் என்றார்கள், வாட்ஸ்அப்பில் வந்ததாம். ஒருவர் சூடாகக் காபி கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், பிரஷர் கூடியிருக்கும், பழைய மாத்திரையில் இரண்டைப் போட்டுவிடு என்றார். எல்லாரும் பாசத்தில்தான் சொன்னார்கள். ஆனால் எதுவும் கொடுக்கக் கூடாது. ஸ்ட்ரோக் வந்தவருக்கு விழுங்கும் சக்தி போயிருக்கலாம், கொடுத்த காபி நுரையீரலுக்குள் போய்விடும். வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் எடுக்காமல் கடவுளுக்கே தெரியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் ஆபத்து. அடைப்பு என்றால் பிரஷரை மடமடவென்று இறக்குவதும் ஆபத்துதான், அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போக அந்த அழுத்தம் தேவைப்படும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதுவும் ஊற்றாமல், வண்டியை வரச் சொல்வது, அது மட்டும்தான் வீட்டில் செய்ய வேண்டிய வைத்தியம்.

சித்தப்பா கார் எடுத்து வந்தார். ஆறேகாலுக்கெல்லாம் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஈசிஜி எடுத்தார்கள், பதினைந்தாயிரம் முன்பணம் கட்டச் சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கும் ஆள் வந்துவிடுவார், வந்துவிடுவார் என்று எட்டே முக்கால் வரை உட்கார வைத்துவிட்டு, "மூளை டாக்டர் இங்க இல்ல, திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே. திருநெல்வேலி போய்ச் சேரும்போது மணி பத்தே கால். அங்கே வேறொரு தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா எத்தனை மணிக்கு நல்லா இருந்தார்?" ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாமாவிடம் பேசியிருந்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிடி ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை, அடைப்புதான். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, ஆரம்பித்து நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அது தாண்டிவிட்டது என்றார். ஒன்பதரைக்குள் வந்திருக்க வேண்டும். அந்த முக்கால் மணி நேரத்தை நான் வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு நிமிடமும் கிட்டத்தட்ட 19 லட்சம் மூளைச் செல்கள் சாகின்றன என்று பிறகு படித்தேன். அதைப் படிக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

ஆகவே ரொம்ப முக்கியமாகச் சொல்ல வருவது இது. இன்றைக்கே, வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போதே, விசாரித்து வையுங்கள். உங்கள் ஊரிலிருந்து பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இரவு பகல் எந்நேரமும் சிடி ஸ்கேன் ஓடுகிறது, அந்த ஊசி எங்கே போடுகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கத்து ஆஸ்பத்திரி என்பதற்காக அங்கே போய் நிற்கக் கூடாது. இன்னொன்று, 108க்குக் கூப்பிட்டு "ஸ்ட்ரோக் மாதிரி இருக்கு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டாய் (TAEI) என்ற பெயரில் அவசரப் பிரிவு நடக்கிறது. விபத்து, மாரடைப்போடு ஸ்ட்ரோக்கும் அதில் சேரும். அப்படிப்பட்ட அரசு ஆஸ்பத்திரியான பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பார்த்த ஒருவரைப் பிற்பாடு பெஞ்சில் சந்தித்தேன். இரண்டு மணி நேரத்துக்குள் போயிருக்கிறார்கள், அந்த ஊசி போட்டிருக்கிறார்கள், காசு வாங்கவில்லை. மனிதர் தானே நடந்து வந்தார், கை மட்டும் கொஞ்சம் பலவீனம். நேரம் தாண்டிவிட்டது என்றும் வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடத் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியை எடுக்கிறார்கள். அப்பாவுக்குச் சின்னக் கிளையில் அடைப்பு, அதற்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐசியூ, எம்ஆர்ஐ, மருந்து எல்லாம் சேர்த்து ஆஸ்பத்திரியில் மட்டும் மூன்று லட்சத்து எண்பதாயிரம். என் நகையை அடகு வைத்தேன், மீதி அண்ணன் அனுப்பினான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் இல்லை. வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை அதில் பார்க்கலாம், தகுதி இருப்பவர்கள் நோய் வருவதற்கு முன்பே எடுத்து வையுங்கள். சேர்க்கும்போது இந்த ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்குப் பிறகு வீட்டுச் செலவு தனி. காற்று மெத்தை, சக்கர நாற்காலி, பார்த்துக்கொள்ள ஆள், பிசியோதெரபி. திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தேன். சம்பளமில்லாத விடுப்பில் மாதங்கள் போய், கடைசியில் வேலையையே விட்டேன். கூட்டிப் பார்த்தால் ஏழு லட்சத்தைத் தொடும். மூன்று ரூபாய் மாத்திரையை நினைத்து நினைத்து இரவில் தூக்கமில்லாமல் கிடந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. மூக்கில் ட்யூப் வைத்துத்தான் அனுப்பினார்கள். அதை எடுக்கும் முன் விழுங்க முடிகிறதா என்று சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். உணவு கொடுக்கும்போது நிமிர்த்தி உட்கார வையுங்கள், கொடுத்த பிறகும் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் புண் வந்துவிடும். பலமில்லாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள் இறங்கிவிடும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாசமாகக் கையைப் பிடித்து இழுப்பார்கள், தடுக்க வேண்டியது நாம்தான். பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள், முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் அதிகம். அதற்கு மேலும் வரும், மெதுவாக வரும். அப்புறம் மனசு. அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. டிவியில் எதுவோ ஓடும், பொலபொலவென்று அழுவார். பத்து நிமிடம் கழித்து யாரிடமும் பேச மாட்டார். ஸ்ட்ரோக் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மருந்து உண்டு என்று டாக்டர் சொன்னார். அந்த மாத்திரை தொடங்கிய பிறகுதான் பயிற்சிக்கே ஒத்துழைத்தார். பார்த்துக்கொள்பவருக்கும் அது வரும். ராத்திரி மாடியில் போய் நின்று அழுதிருக்கிறேன், யாரிடமாவது பேசுங்கள்.

புறா ரத்தம் தேய்க்கணும், புறாக்கறி கொடுக்கணும் என்று சொல்லாத சொந்தம் இல்லை. எண்ணெய் வைத்தியம் ஒன்றுக்குச் சித்தப்பா பிடிவாதமாகக் கூட்டிப்போனார், பன்னிரண்டாயிரம் ஆனது. எண்ணெய் தேய்த்ததில் எனக்கு வருத்தமில்லை, அப்பாவுக்கு இதமாக இருந்தது. ஆனால் அந்த வைத்தியர் இங்கிலீஷ் மாத்திரையை எல்லாம் நிறுத்தச் சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை ஸ்ட்ரோக் வந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஐந்து வருடத்துக்குள் இன்னொன்று வருகிறது. அதைத் தடுப்பது பிரஷர் மாத்திரை, ரத்தத்தைக் கட்டிப்போகாமல் வைக்கும் மாத்திரை, கொழுப்பு மாத்திரை இவைதான்.

டிஸ்சார்ஜ் ஆகும் அன்று டாக்டரிடம், எதனால் வந்தது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். பிரஷர். சேர்க்கும்போது சர்க்கரை 268 இருந்தது, அதுவரை எங்களுக்கே தெரியாது. வெற்றிலையோடு போடும் புகையிலை. தறி நின்ற பிறகு நாள் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இல்லாமல் சோறு இறங்காதது. இந்தியாவையும் சேர்த்து 32 நாடுகளில் நடந்த இன்டர்ஸ்ட்ரோக் என்ற ஆய்வு 2016இல் சொன்னதும் இதுதான். பத்து விஷயங்கள், எல்லாம் நாம் மாற்றிக்கொள்ளக்கூடியவை. பத்தில் ஒன்பது பங்கு ஸ்ட்ரோக்குக்கு அவைதான் காரணம். அதில் பிரஷர் மட்டுமே ஏறக்குறைய பாதி. மீதியில் குடி, சிகரெட், தொப்பை, கொழுப்பு, மன அழுத்தம், இதயக் கோளாறு எல்லாம் வருகின்றன. நாடித் துடிப்பு தாறுமாறாக ஓடினால் இதயத்தில் ரத்தம் கட்டி அங்கிருந்து மூளைக்குப் போகும், அதனால் வயதானவர்களுக்கு ஈசிஜி ஒன்று எடுத்துப் பாருங்கள். மேல் எண்ணை வெறும் 10 குறைத்தாலே ஸ்ட்ரோக் வாய்ப்பு கால் பங்குக்கும் மேல் குறைகிறது என்று படித்தபோதுதான், ஒரு சின்ன மாத்திரைக்கு எவ்வளவு பலம் என்று புரிந்தது.

வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கினேன், இரண்டாயிரத்துக்குள் கிடைக்கிறது. மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், புஜத்தில் கட்டுவதையே வாங்குங்கள். பார்ப்பதற்கு அரை மணி நேரம் முன்பு காபி, புகையிலை கூடாது. ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் வைத்து, பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். இரண்டு முறை பார்த்துக் குறித்து வைக்கிறேன். உப்பு, ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஐந்து கிராம். நாங்கள் சாப்பிட்டது அதைப் போல இரண்டு மடங்காவது இருக்கும். இப்போது சோற்றில் உப்புப் போட்டு வடிப்பதில்லை, மோரில் போடுவதில்லை. அப்பளமும் ஊறுகாயும் வாரத்தில் ஒருநாள். முதலில் சப்பென்று இருந்தது, ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிட்டது. சோடியம் குறைந்த உப்பு கடையில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மாத்திரைக்கு இப்போது அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எங்கள் தெருவுக்கே ஒரு அக்கா வந்து பிரஷர் பார்த்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் தெருவுக்கு வருகிறார்களா என்று விசாரித்து அப்பா அம்மா பெயரைச் சேர்த்துவிடுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதோடு, "மாத்திரை போட்டீங்களா, எத்தனை மீதி இருக்கு" என்றும் கேட்க வேண்டும். எத்தனை மீதி என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

மெஷின் வந்த அன்று எனக்கும் கட்டிப் பார்த்தேன். 148/94. நாற்பத்தொரு வயதில், ஒரு தொந்தரவும் இல்லாமல். வேறு வேறு நாட்களில் பார்த்தும் அப்படியே இருந்ததால் டாக்டர் மாத்திரை தொடங்கினார், விடாமல் போடுகிறேன். அண்ணனுக்குப் போன் செய்து நீயும் பாரு என்றேன். எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன் என்றான், அப்பா சொன்ன அதே வார்த்தை. விடாமல் சண்டை போட்டதில் போன வாரம் போய்ப் பார்த்து போட்டோ அனுப்பியிருக்கிறான். 158/102. இந்த வெள்ளிக்கிழமை லீவில் டாக்டரைப் பார்க்கப் போகிறான். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.